ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4: முதல் ஆட்டத்தை 1936-ல் தொடங்கி 1941 வரை கொண்டுபோக முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு நாட்டை நீங்களே நடத்தும் இந்தக் கணினி கேமை வாங்கி, ஒரு சனிக்கிழமை ராத்திரி திறந்து, இரண்டு மணி நேரம் அங்கும் இங்கும் சொடுக்கிவிட்டு மூடி வைத்தவர்கள் நிறைய. என் சித்தி மகன் உட்பட நாலைந்து பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறியது ஒரே இடத்தில்தான். உலக வரைபடம் விரிந்ததும் கண் படைகளைத் தேடிப் போகிறது. இங்கே படை கடைசியில் வருவது. முதலில் தொழிற்சாலை, பிறகு உற்பத்தி, பிறகு டிவிஷன் என்ற படைப்பிரிவு, அதற்கப்புறம்தான் தாக்குதலைக் காட்டும் அம்புக்குறி.

1936-ல் எடுத்த ஒரு முடிவுக்கு 1941-ல், ரஷ்யச் சேற்றில், பதில் கிடைக்கும். ஐந்து வருடம் கழித்து வரும் அந்தப் பதில்தான் என்னை இந்த மாதிரி கேம்களில் பிடித்து வைத்திருக்கிறது. அது கிடைக்க முதல் ஆட்டத்தைப் பாதியில் விடாமல் அதுவரை கொண்டுபோக வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்குத்தான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

அடிப்படை கேம் மட்டும் போதும். கூடுதல் தொகுப்புகளை இப்போது வாங்காதீர்கள். அவற்றில் சில, டாங்கையும் விமானத்தையும் பாகம் பாகமாக நீங்களே வடிவமைக்கச் சொல்லும். முதல் ஆட்டத்தில் அது நேரத்தைத் தின்னும்.

கிராபிக்ஸ் கார்டை விட பிராசசர்தான் இங்கே முக்கியம். 1940 தாண்டினால் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான டிவிஷன்கள் நகரும். பழைய லேப்டாப்பில் அப்போது காலம் மெதுவாக ஓடும். அது கோளாறு இல்லை.

கேமில் தமிழ் கிடையாது. திரையில் உள்ள பெயர்களை உச்சரிப்புப்படியே இங்கே எழுதுகிறேன். எந்த எண் மேலும் மவுஸை வைத்து நிறுத்தினால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு விரியும். இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் பாதி வழிகாட்டி தேவைப்படாது.

ஒரே உட்காரலில் முடிக்க நினைக்காதீர்கள். 1936 முதல் 1941 வரை போக எனக்கே மூன்று நான்கு மாலைகள் ஆகும். புதியவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு.

2. நாட்டைத் தேர்ந்தெடுப்பது

நம் ஆட்கள் முதலில் தேடுவது இந்தியாவை. அங்கே இருப்பது பிரிட்டிஷ் ராஜ். பிரிட்டனுக்குக் கீழே உள்ள நாடு, தொழிற்சாலை குறைவு, போரா சமாதானமா என்பதைச் சொந்தமாக முடிவு செய்ய முடியாது. ஆசை புரிகிறது. ஆனால் கேமின் முக்கால்வாசிப் பொத்தான்கள் அங்கே பூட்டியே இருக்கும். மூன்றாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனை எடுத்தால் உலகம் முழுக்கக் கண்ணோட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு முதல் சில வருடம் பெரிதாக எதுவும் நடக்காது. பிரான்ஸ் தற்காப்பு ஆட்டம், கை பழகியவர்களுக்கே கஷ்டம்.

கற்றுக்கொள்ள வசதியானது ஜெர்மனி. தொழில் பலம் இருக்கிறது, எல்லை ஒட்டியே இருக்கிறது, போர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சின்னதிலிருந்து பெரியதாக வருகின்றன. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். கேமில் வதை முகாம்கள் இல்லை, யூதப் படுகொலை இல்லை. நீங்கள் நகர்த்தும் அதே படைகளின் பின்னால் அந்த வருடங்களில் அதுதான் நடந்தது. அதைத் தெரிந்துகொண்டு ஆடுங்கள். ஜெர்மனியை ஆட மனம் ஒப்பவில்லை என்றால் இத்தாலியையும் சோவியத்தையும் விட போலந்தை எடுக்கலாம். வரிசை அதேதான், எல்லாம் இன்னும் சிறிய அளவில், கடினமாக இருக்கும்.

3. ஆட்ட அமைப்பு

தொடக்கத் தேதிகள் இரண்டு: 1936 ஜனவரி 1, 1939 ஆகஸ்ட் 14. இரண்டாவது உடனே போரில் இறக்கிவிடும் என்று ஆசைப்பட்டு அதை எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் யாரோ கட்டிவைத்த தொழிற்சாலைகளோடு போருக்குப் போவீர்கள், ஏன் தோற்றோம் என்பது தெரியாது. 1936-ஐ எடுங்கள்.

ஃபோகஸ் என்பது ஒரு நாடு அடுத்து எடுக்கும் தேசியத் திட்டம். ஹிஸ்டாரிக்கல் ஃபோகஸ் என்பதை ஆன் செய்யுங்கள். மற்ற நாடுகள் ஏறக்குறைய வரலாற்றுப்படி நடக்கும். எப்போது எது வரும் என்று தெரிந்தால்தான் அதற்குத் தயாராவதைக் கற்க முடியும்.

அயர்ன்மேன் என்ற ஆட்ட முறை வேண்டாம். அதில் விரும்பிய இடத்தில் சேமித்துத் திரும்ப முடியாது. ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 அன்று தனிப் பெயரில் சேமித்து வையுங்கள். பின்னால் இது உதவும்.

4. முதல் நாள்: கடிகாரத்தை ஓட்டாதீர்கள்

ஆட்டம் திறக்கும்போது காலம் நின்றிருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடும். தட்டாதீர்கள். 1936 ஜனவரி 1-ல் குறைந்தது முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

மேல் பட்டையைப் படியுங்கள். பொலிட்டிக்கல் பவர் என்பது ஆட்சி நடத்தும் பணம். அதற்கப்புறம் நாட்டின் நிலைத்தன்மை, போர் ஆதரவு, ஆள் பலம், தொழிற்சாலைகள், எரிபொருள். கீழே சொல்லும் எல்லாமே இவற்றில் ஒன்றைச் செலவு செய்து இன்னொன்றை வாங்குவதுதான்.

பிறகு திரைகளை இந்த வரிசையில் திறந்து முடியுங்கள்: கட்டுமானம், உற்பத்தி, வர்த்தகம், ஆராய்ச்சி, ஃபோகஸ். படைத் திரை இன்றைக்கு வேண்டாம்.

5. கட்டுமானம்: எதை எப்போது கட்டுவது

தொழிற்சாலைகள் மூன்று வகை. சிவில் தொழிற்சாலை மற்றதைக் கட்டும். ராணுவத் தொழிற்சாலை ஆயுதம் செய்யும். கப்பல் துறை கப்பல் செய்யும்.

ஒரு சிவில் தொழிற்சாலை ஒரு நாளைக்கு 5 அலகு வேலை செய்யும். ஒரு கட்டுமானத்தில் அதிகபட்சம் 15 தொழிற்சாலை வேலை செய்யலாம், அதாவது நாளைக்கு 75. புதிய சிவில் தொழிற்சாலையின் விலை 10,800, ராணுவத் தொழிற்சாலையின் விலை 7,200. சலுகை எதுவும் சேர்க்காமல் பார்த்தால் முன்னது 144 நாள், பின்னது 96 நாள்.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கைப் பாருங்கள். ஒரு சிவில் தொழிற்சாலை தன் விலையைத் தானே சம்பாதிக்க 2,160 நாள் ஆகும். உள்கட்டமைப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றின் சலுகைகளைச் சேர்த்தால் நன்றாகவே குறையும். அப்போதும் அது வருடக் கணக்கு. அதனால்தான் தொடக்கத்தில் கட்டும் சிவில் தொழிற்சாலை லாபம், போருக்கு ஒரு வருடம் முன் கட்டுவது நஷ்டம். 1937 முடியும் வரை சிவில், 1938 முதல் ராணுவம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உள்கட்டமைப்பு அதிகமுள்ள மாநிலங்களில் முதலில் கட்டுங்கள். அங்கே கட்டுமானம் வேகமாக நடக்கும். ஒவ்வொரு மாநிலத்திலும் இடம் எண்ணித்தான் இருக்கிறது என்பதால் அது நிரம்பியதும் அடுத்ததற்குப் போங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு கோட்டை. எல்லை முழுக்கக் கோட்டை எழுப்பி, 1939-ல் துப்பாக்கி இல்லாமல் நிற்பார்கள். தாக்கப் போகிறவருக்கு எதற்குக் கோட்டை?

பட்டியலில் மேலே உள்ளதற்கு ஆள் போன பிறகுதான் கீழே உள்ளதற்குப் போகும். அவசரமானதை மேலே இழுத்து வையுங்கள்.

6. உற்பத்தி: ஆட்டம் முடிவாகும் இடம்

மற்ற எல்லாத் திரையையும் விட அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். நான் இப்போதும் கேமில் மாதம் ஒரு முறை ஆட்டத்தை நிறுத்தி இந்தத் திரையைத் திறக்கிறேன்.

ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருளைச் செய்யும், அதற்கு இத்தனை ராணுவத் தொழிற்சாலை என்று ஒதுக்குவீர்கள். புதிதாகத் தொடங்கிய வரிசை 10 சதவீதத் திறனில் ஓட ஆரம்பிக்கும். நாளாக ஆக ஏறி, தொடக்கத்தில் 50 சதவீதம் என்ற உச்சவரம்பில் நிற்கும். ஆராய்ச்சி அந்த வரம்பை உயர்த்தும். நிஜத் தொழிற்சாலையிலும் இதே கதைதான். ஆளுக்குக் கை பழக வேண்டும்.

இதனால் ஒரு விதி வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரிசையை அழிக்காதீர்கள். "இந்த மாதம் பீரங்கி குறைவு, துப்பாக்கித் தொழிற்சாலைகளை அங்கே மாற்று, அடுத்த மாதம் துப்பாக்கி குறைவு, திருப்பி மாற்று" என்று ஆடுகிறவர்களின் தொழிற்சாலைகள் எப்போதும் 10-க்கும் 20-க்கும் நடுவில்தான் இருக்கும். மேம்பட்ட துப்பாக்கி ஆராய்ச்சியில் வந்துவிட்டால், அதே வரிசையிலேயே பொருளை மாற்றுங்கள். திறனில் ஒரு பகுதி தப்பும்.

எதற்கு எத்தனை? பத்து ராணுவத் தொழிற்சாலை இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: துப்பாக்கிக்கு 3, துணைக் கருவிக்கு 1, பீரங்கிக்கு 1, லாரிக்கு 1, சண்டை விமானத்துக்கு 2, தரைத்தாக்கு விமானத்துக்கு 1, டாங்குக்கு 1. தொழிற்சாலைகள் கூடக்கூட இதே விகிதத்தில் கூட்டுங்கள். முப்பதைத் தாண்டியதும் ரயில் எஞ்சினுக்கு ஒன்று.

லாரிக்கு ஒதுக்குவதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். திரையில் லாரிக்குக் கவர்ச்சி இல்லை, டாங்குக்கு இருக்கிறது. வெட்டாதீர்கள். காரணம் 13-ம் பகுதியில்.

எதிலும் குறை இருக்கிறதா என்று லாஜிஸ்டிக்ஸ் திரையில் பாருங்கள். சிவப்பில் கழித்தல் குறியோடு எது நிற்கிறதோ, அது களத்தில் யாரிடமோ இல்லை என்று அர்த்தம்.

7. மூலப்பொருளும் எரிபொருளும்

துப்பாக்கிக்கு எஃகு, விமானத்துக்கு அலுமினியமும் ரப்பரும், பீரங்கிக்கு எஃகோடு டங்ஸ்டன் என்று ஒவ்வொன்றுக்கும் தேவை உண்டு. குறைந்தால் வரிசை மந்தமாகும். வர்த்தகத்தில் 8 அலகு மூலப்பொருளுக்கு ஒரு சிவில் தொழிற்சாலையைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கட்டுமானம் அந்த அளவுக்குக் குறையும். அதனால் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

ஜெர்மனிக்கு எண்ணெயும் ரப்பரும் கிட்டத்தட்ட இல்லை. நிஜத்திலும் அந்த நாடு ருமேனியாவின் ப்ளோயெஷ்டி எண்ணெயையும் நிலக்கரியிலிருந்து எடுத்த செயற்கை எண்ணெயையும் நம்பித்தான் போரிட்டது. கேமிலும் அந்த இரண்டு வழிகள்தான். ருமேனியாவிலிருந்து வாங்குங்கள். செயற்கை எண்ணெய் ஆராய்ச்சியை 1937-க்குள் தொடங்கி ஆலைகளைக் கட்டுங்கள். அந்த ஆலை ரப்பரும் தரும்.

எண்ணெய் போர் இல்லாத நாளில் சேமிப்பில் சேரும். 1936-லிருந்தே சேரட்டும். போர் வந்த பிறகு டாங்கும் விமானமும் குடிக்கும் வேகத்தில் சேர்க்க முடியாது.

8. ஆராய்ச்சி, ஃபோகஸ், ஆட்சி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆராய்ச்சியில் முதலில் தொழில்துறையும் எலக்ட்ரானிக்ஸும். ஒன்று எல்லா உற்பத்தியையும் கூட்டும், இன்னொன்று மற்ற ஆராய்ச்சிகளையே வேகப்படுத்தும். ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் ஒரு வருடம் போட்டிருக்கும். அதற்கு முன்பே எடுத்தால் தண்டனையாக நாள் கூடும். 1941-ன் டாங்கை 1938-ல் ஆராய்வது வீண்.

ஃபோகஸ் ஒன்று பெரும்பாலும் 70 நாள். ஒன்று முடிந்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்க மறந்து இரண்டு மாதம் ஓட்டிவிடுவார்கள். அறிவிப்பு வந்ததும் உடனே எடுங்கள். ரைன்லாந்து ஃபோகஸில் தொடங்குங்கள், அதன் பிறகு நான்காண்டுத் திட்டம்.

பொலிட்டிக்கல் பவர் 150 சேர்ந்ததும் ஒரு ஆலோசகரை நியமிக்கலாம். முதலில் கட்டுமானத்தை அல்லது தொழிலைக் கூட்டும் ஆளை எடுங்கள். ஜெனரல் பெயர்கள் இழுக்கும். அவர்கள் 1938-ல் வந்தால் போதும்.

9. டிவிஷனின் அச்சு

டிவிஷன் டெம்ப்ளேட் என்பது ஒரு படைப்பிரிவுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்ற அச்சு. முதல் ஆட்டத்துக்கு இரண்டு அச்சு போதும்.

ஒன்று சாதாரணக் காலாட்படை: ஒன்பது காலாட்படை பட்டாலியன், துணையாகப் பொறியாளர் கம்பெனி, துணைப் பீரங்கி. சண்டையில் ஒரு படை அடைக்கும் இடம்தான் அகலம்; காலாட்படை பட்டாலியன் ஒன்றுக்கு அது 2 என்பதால் இது 18 அகலம். துணைக் கம்பெனிகளுக்கு அகலம் கிடையாது. எல்லையைப் பிடித்து நிற்க இதுவே போதும், விலையும் குறைவு.

இன்னொன்று டாங்க் டிவிஷன்: பாதிக்கு மேல் டாங்க், மீதி லாரியில் போகும் காலாட்படை. டாங்க் மட்டும் வைத்து ஒன்று செய்து பார்ப்பது எல்லோருக்கும் ஆசை. அதற்கு ஆர்கனைசேஷன் என்ற மூச்சு குறைவு. இரண்டு நாள் சண்டையில் இளைத்து நின்றுவிடும். காலாட்படைதான் அந்த மூச்சைத் தருகிறது.

அச்சைத் திருத்த ராணுவ அனுபவப் புள்ளி வேண்டும். 1936 ஜூலையில் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கும். தேசியவாதிகள் பக்கம் தன்னார்வப் படை அனுப்பினால் புள்ளி சேரும். நிஜ ஜெர்மனியும் தன் விமானப்படைக்கு அங்கேதான் பாடம் எடுத்தது.

ஒரு எச்சரிக்கை. பயன்பாட்டில் உள்ள அச்சைத் திருத்தினால் அந்த அச்சில் உள்ள அத்தனை டிவிஷனும் அந்த நொடியே புதிய கருவி கேட்கும். கிடங்கில் இல்லையென்றால் நாடு முழுக்கப் படை பலவீனமாகும். நகல் எடுத்துத் திருத்துங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

அதே மாதிரி ஒரே நேரத்தில் ஐம்பது டிவிஷனைப் பயிற்சியில் போடாதீர்கள். துப்பாக்கி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போய், ஒருவருக்கும் முழுசாகச் சேராது.

10. படையை அடுக்குவது

ஒரு ஜெனரலுக்குக் கீழ் 24 டிவிஷன் வரை நிற்கும். அதற்கு மேல் வைத்தால் அவருடைய திறமை குறைந்துபோகும். ஒரு எல்லைக்கு ஒரு ஜெனரல் என்று வையுங்கள். ஒரே எல்லையை மூன்று பேருக்குப் பங்கு போட்டால், படைகள் ஒன்றை ஒன்று தாண்டி நாள் முழுக்க ரயிலில் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

முதலில் முன்னணிக் கோடு, பிறகு எங்கே போக வேண்டும் என்ற தாக்குதல் கோடு. வரைந்த பிறகு காத்திருக்க வேண்டும். கோட்டில் நின்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் திட்டமிடல் சலுகை ஏறும். போர் அறிவிப்புக்கு மூன்று வாரம் முன்பே படை கோட்டில் இருக்கட்டும். அறிவித்த அன்று வரைந்து அன்றே தாக்கினால் அந்தச் சலுகை பூஜ்யம்.

டாங்க் டிவிஷன்களைத் தனி ஜெனரலிடம் கொடுங்கள். காலாட்படையைக் கோட்டுத் திட்டம் நகர்த்தட்டும். டாங்கை மட்டும் உங்கள் கையால் நகர்த்துங்கள். கோட்டில் கலந்துவிட்டால் கேம் அதைக் காலாட்படை மாதிரிப் பரத்தி வைத்துவிடும்.

விமானங்களை நூறு நூறாகப் பிரித்து, சண்டை நடக்கப் போகும் வான்பகுதிக்கு அருகிலுள்ள தளங்களில் வையுங்கள். தூரத்துத் தளத்திலிருந்து பறந்தால் பகுதியின் ஒரு துண்டுக்குத்தான் எட்டும். வேலையையும் கொடுங்கள், வேலை கொடுக்காத விமானம் பறக்காது. இதை மறந்து "ஆயிரம் விமானம் இருக்கு, ஒன்னும் நடக்கலையே" என்று கேட்டவர்கள் மூன்று பேர்.

11. போலந்து: முதல் போர்

1939 ஆகஸ்ட் கடைசியில் முடிகிற மாதிரி டான்சிக் ஆர் வார் ஃபோகஸை எடுங்கள். அதற்கு முன் சோவியத்தோடு உடன்படிக்கை ஃபோகஸ் முடிந்திருக்க வேண்டும். பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவிக்கும் என்பதால் மேற்கு எல்லையில் இருபது டிவிஷனையாவது விட்டுவையுங்கள்.

இந்தப் போரில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: சுற்றி வளைப்பது. தோற்ற டிவிஷன் அழிவதில்லை. மூச்சு தீர்ந்து பின்னால் ஓடும், ஒரு வாரம் இளைப்பாறித் திரும்பி வரும். நேருக்கு நேர் தள்ளிக்கொண்டே போனால் அதே ஆட்களோடு வார்சா வரை திரும்பத் திரும்பச் சண்டை போடுவீர்கள். பின்னால் ஓட வழி இல்லாமல் அடைத்துவிட்டால்தான் அழியும். அடைபட்டவர்களுக்கு சப்ளையும் நின்றுபோகும்.

வரைபடத்தைப் பாருங்கள். கிழக்கு பிரஷ்யா வடக்கே இருக்கிறது, சிலேசியா தென்மேற்கே. போலந்தின் படைகள் பாதிக்கு மேல் நடுவில், போஸ்னான் பக்கம் நிற்கும். டாங்க்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சிலேசியாவிலிருந்து வார்சாவை நோக்கியும் இன்னொரு பாதியைக் கிழக்கு பிரஷ்யாவிலிருந்து தெற்கேயும் அனுப்புங்கள். வார்சாவுக்குக் கிழக்கே இரண்டும் சேர்ந்தால் பை, அதாவது எதிரியைச் சுற்றிய வளையம், மூடிவிடும். மேற்கில் உள்ள காலாட்படை அதுவரை தாக்க வேண்டாம், பிடித்து மட்டும் நிற்கட்டும். அவர்கள் முன்கூட்டியே தள்ளினால் போலந்துப் படை பையிலிருந்து பின்வாங்கித் தப்பிவிடும்.

நிஜத்தில் 1939 செப்டம்பர் 9 அன்று, பின்வாங்கிக்கொண்டிருந்த போலந்துப் படைகள் ப்சுரா ஆற்றங்கரையில் திரும்பித் தாக்கின. பத்து நாள் சண்டை. கேமிலும் பை மூடும் முன் டாங்கின் விலாவில் அந்த அடி விழும். டாங்க் போன பாதையில் லாரிக் காலாட்படையை ஒரு கட்டத்துக்கு ஒன்றாக விட்டுக்கொண்டே போங்கள்.

வேகத்தை 2-க்கு மேல் வைக்காதீர்கள். ஒரு மணி நேரம் தாமதமாகப் பார்த்தால் மூடிய பை திறந்திருக்கும்.

12. பிரான்ஸ்

பிரான்ஸ் தன் ஜெர்மன் எல்லையில் கட்டிய மாஜினோ அரண் வரிசையைத் தாக்காதீர்கள். பெல்ஜியம் வழியாகப் போங்கள், டாங்கை ஆர்டென் காட்டுப் பக்கம் வைத்து செடானில் ம்யூஸ் ஆற்றைத் தாண்டுங்கள். அங்கிருந்து பாரிசுக்குத் திரும்பாமல் நேராகக் கடலுக்கு. 1940 மே 13 அன்று செடானில் ஆற்றைத் தாண்டிய ஜெர்மானிய டாங்க்கள் மே 20 அன்று ஆப்வில் அருகே கடலை அடைந்தன. வடக்கே பெல்ஜியத்தில் இருந்த படைகள் மொத்தமும் பின்னால் அடைபட்டன. போலந்தில் செய்த அதே பைதான், ஒரு பக்கம் மட்டும் கடல்.

துறைமுகங்களைப் பிடிக்க மறக்காதீர்கள். துறைமுகம் எதிரியிடம் இருக்கும் வரை அடைபட்ட படைக்கு சப்ளை வரும்.

13. கிழக்கு: சப்ளை

போன வருடம் சித்தி மகன் தன் முதல் ஆட்டத்தில் இங்கே வந்து நின்றான். கேமில் 1941 அக்டோபர், ஸ்மோலென்ஸ்க் தாண்டி ஒரு விரல் அகலம். பதினாறு டாங்க் டிவிஷன், எல்லாவற்றின் மேலும் சப்ளை இல்லை என்ற சிவப்பு முத்திரை.

"அண்ணே, எதிர்ல ரெண்டே டிவிஷன்தான் நிக்குது. ஏன் நகர மாட்டேங்குது?"

"எதிர்ல இருக்கிறத விடு. லாரி எத்தனை இருக்கு பாரு."

லாஜிஸ்டிக்ஸ் திரையைத் திறந்தான். கையிருப்பு பூஜ்யம். 1937-ல் லாரிக்கு ஒதுக்கியது ஒரே ஒரு தொழிற்சாலை, அதையும் 1939-ல் டாங்குக்கு மாற்றியிருந்தான்.

சப்ளை இப்படி ஓடுகிறது: தலைநகரிலிருந்து ரயில் பாதை வழியாக சப்ளை ஹப் என்ற மையத்துக்கு வரும். மையத்திலிருந்து படைக்குக் குதிரை வண்டியிலோ லாரியிலோ போகும். மையத்திலிருந்து தூரம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும். லாரி இருந்தால் தூரம் நீளும். சப்ளை வரைபடத்தை ஆன் செய்தால் எது எட்டும், எது எட்டாது என்று நிறத்திலேயே தெரியும்.

ரயில் பாதைக்கு 1 முதல் 5 வரை நிலை உண்டு. பெர்லினிலிருந்து அந்த மையம் வரை உள்ள பாதையில் எந்தத் துண்டு மிகத் தாழ்ந்ததோ, அதன் அளவுதான் மொத்தமும் போகும். தண்ணீர்க் குழாயில் ஒரு இடத்தில் நெளிந்திருந்தால் எப்படியோ அப்படி. சித்தி மகனின் பாதையில் ஜெர்மனிக்குள் எல்லாம் நன்றாக இருந்தது. போலந்தில் ஒரு துண்டு 1-ம் நிலையில் கிடந்தது. பதினாறு டாங்க் டிவிஷனும் அந்த ஒரு துண்டை நம்பி நின்றன.

ஆகவே செய்ய வேண்டியவை, வரிசையாக. முதலில், 1940 முழுவதும் போலந்து வழியாகக் கிழக்கு எல்லை வரை போகும் ஒரு முக்கியப் பாதையைத் தேர்ந்தெடுத்து உயர்த்துங்கள். எல்லாப் பாதையையும் உயர்த்த நேரம் போதாது.

இரண்டாவது, லாரிக்கும் ரயில் எஞ்சினுக்கும் தொழிற்சாலையைக் கூட்டுங்கள். போர் தொடங்கும் நாளில் ஆயிரக்கணக்கில் லாரி கையிருப்பில் இருக்க வேண்டும். எதிரி விமானங்கள் ரயிலை அடிக்கும் என்பதால் எஞ்சினும் குறையும்.

மூன்றாவது, தாக்குதல் கோட்டை மாஸ்கோ வரை ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். மின்ஸ்க், அங்கே நின்று மூச்சு வாங்குங்கள். அப்புறம் ஸ்மோலென்ஸ்க். கைப்பற்றிய பாதையும் மையமும் அன்றைக்கே முழு அளவில் வேலை செய்யாது. நிஜத்தில் சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மனியுடையது 1,435. 1941 ஜூன் 22-க்குப் பிறகு ஜெர்மானிய ரயில்வே ஆட்கள் ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்து உள்ளே தள்ளி ஆணியடித்துக்கொண்டே படையின் பின்னால் வந்தார்கள். படை அவர்களை விட வேகமாகப் போய்விட்டது.

நான்காவது, சப்ளை குறைந்த இடத்துக்குக் கூடுதல் படை அனுப்பாதீர்கள். இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். நகரவில்லை என்றதும் பின்னாலிருந்து இன்னும் பத்து டிவிஷனை இழுத்து வருவார்கள். இருக்கும் சோறே முப்பது பேருக்குப் போதவில்லை, நாற்பது பேர் ஆகிறார்கள். பாதியைப் பின்னுக்கு அனுப்புங்கள். மீதிப் பாதி நகரும்.

ஐந்தாவது, அக்டோபர் சேறும் குளிரும் வரும் முன் நிற்க வேண்டிய இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆற்றுக்குப் பின்னால், ஒரு சப்ளை மையத்துக்குப் பக்கத்தில். சேற்றில் தள்ளிக்கொண்டே போனால் டாங்க் சண்டையில்லாமலே தேயும்.

14. நின்றுபோனால் எந்த வரிசையில் பார்ப்பது

தாக்குதல் நின்றால் உடனே புதிய டிவிஷன் கட்டத் தோன்றும். அதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். சப்ளை வரைபடம். பிறகு கிடங்கில் எது சிவப்பு. பிறகு டிவிஷனின் மூச்சுப் பட்டை நிரம்பியிருக்கிறதா. பிறகு வானம் யார் கையில். கடைசியாக ஆறா, காடா, மலையா என்று நிலம். முதல் இரண்டிலேயே பெரும்பாலும் காரணம் அகப்பட்டுவிடும்.

அகப்பட்ட காரணம் எந்த வருடத்தில் தொடங்கியது என்று பாருங்கள். ஜனவரி 1 சேமிப்புகளை வைக்கச் சொன்னது இதற்காக. ஆட்டத்தை 1936-லிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியதில்லை. பிழை நடந்த வருடத்துக்குப் போய், அந்த ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம்.

சித்தி மகன் 1939 ஜனவரி சேமிப்பைத் திறந்தான். லாரிக்கு ஐந்து தொழிற்சாலை ஒதுக்கினான். போலந்து விழுந்ததும் அந்த 1-ம் நிலைத் துண்டை 3-க்கு உயர்த்தினான். இரண்டாம் தடவை அதே அக்டோபரில் டாங்க்கள் ஸ்மோலென்ஸ்கைத் தாண்டி ஓடின, சிவப்பு முத்திரை இல்லை. நவம்பர் முதல் வாரத்தில் மறுபடி நின்றன. இந்தத் தடவை மேல் பட்டையில் எரிபொருள் பூஜ்யம். அவன் மவுஸை அந்த எண் மேல் வைத்தான், கணக்கு விரிந்தது, செயற்கை எண்ணெய் ஆலை ஒன்றுகூட இல்லை. என்னிடம் எதுவும் கேட்காமல் 1937 ஜனவரி சேமிப்பைத் திறந்தான்.